ஐம்பத்தெட்டாம் பக்கம்

என் அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். நீராவி மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால், பிரித்து உதறி மறுபடி மடிப்பாள். அங்கே இருப்பவர்கள் அவளுக்கு 'மடிப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொறுமைக்குப் பெயர் போனவள். அந்தப் பொறுமைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது என்று சொல்ல வருகிறேன். அதில் என் கைங்கர்யமும் உண்டு.

நான் எலக்ட்ரானிக் கடையில் விற்பனையாளன். போன், கேமரா எல்லாம் தாண்டி, கடைசியில் இருக்கும் ரீடர் கவுண்டர் என்னுடையது. புத்தகம் படிக்கும் கருவியை விற்கிறேனே தவிர, ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவனில்லை. மீன் விற்பவனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? ஆனால் என் தொழிலில் நான் சூரன். வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன். வீட்டில் யார் யார் படிப்பார்கள், எங்கே உட்கார்ந்து படிப்பார்கள், கண் எப்படி. இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் எந்தக் குடும்பத்துக்கு எந்த ரீடர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு நாள், மதிய இடைவேளையில், வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் அக்கா கடைக்குள் வந்தாள். அவளோடு சோப்பு வாசனையும் வந்தது.

"ஒரு ரீடர் பார்க்கணும்டா. வீட்டுக்கு."

எனக்குக் குஷி தாங்கவில்லை. சொந்த அக்காவுக்கு விற்பதில் ஒரு சௌகரியம், பொய் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கவும் தேவையில்லை. அவளுடைய மாமனாருக்கு எழுத்து கட்டெறும்பு அளவுக்கு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மகள் குட்டிக்குப் பன்னிரண்டு வயது, படமில்லாத பக்கத்தைக் கண்டாலே கொட்டாவி விடுவாள். ஆக, பத்து அங்குலத் திரை, கலர், எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி கலையாமல் நிற்கும் மாடல். எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அக்கா திரையைத் தொட்டாள். பக்கம் திரும்பவில்லை. அழுத்தித் தொட்டாள். ஊஹூம். பதினாறு வருட நீராவியில் அவள் விரல்நுனிகள் காய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. அவளுடைய போனே மூன்றாவது தட்டில்தான் கண்விழிக்கும்.

"இது என்னை ஆளாவே மதிக்கலையே."

"விரலைக் கொஞ்சம் ஈரமாக்கிட்டுத் தொடுக்கா."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் கை கழுவணுமா? பட்டன் வெச்சது இல்லையா?"

இருந்தது. பழைய மாடல். ஆறு அங்குலம், கறுப்பு வெள்ளை, விளிம்பில் பக்கம் திருப்ப இரண்டு பட்டன். நான் யாருக்கும் அதை எடுத்துக் காட்டுவதுகூட இல்லை. அக்கா அதை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் பட்டனை அழுத்தினாள். பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி.

"இதுல ரெண்டு குடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரெண்டா? அந்தக் காசுக்குப் பெருசு ஒண்ணே வாங்கிடலாம். உன் மாமனார் இதுல எப்படிப் படிப்பாரு? குட்டி இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. வீட்டுக்கு எது பொருந்தும்னு பாருக்கா."

"வீட்டுக்குத்தான் பார்க்கறேன். வீட்டுல ஒருத்தர் அடுத்த மாசத்துலேர்ந்து கடல்ல இருக்கப் போறாரு."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாமா, அதாவது அவள் கணவர், கரையில் ஒரு பட்டறையில் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். அலைந்து திரிந்து ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை கிடைத்திருந்தது. எட்டு மாத ஒப்பந்தம். கல்யாணமான பதினான்கு வருடத்தில் முதல் முறையாகப் பிரிகிறார்கள்.

இவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. நூலகத்திலிருந்து ஒரே ஒரு புத்தகம் எடுத்து வருவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இடது அட்டையை அவர் பிடிக்க, வலது அட்டையை இவள் பிடிக்க, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்த ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். மாமா மெதுவாகப் படிப்பவர், உதடு அசையும். அக்கா கடகடவென்று முடித்துவிட்டுக் கடைசி வரியில் காத்திருப்பாள். அவர் முடித்ததும் "ம்" என்பார். அப்புறம்தான் இவள் பக்கத்தைத் திருப்புவாள். புத்தகம் முடியும்வரை கதையைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் வேறு. நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன், ஆளுக்கொரு புத்தகம் எடுத்தால் நூலகத்தில் என்ன அடிக்கவா போகிறார்கள் என்று.

அன்று கவுண்டரில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னாள். "நான் முடிச்சிட்டு அவருக்காகக் காத்திருப்பேன் பாரு, அந்த நாலு வரி நேரம். அதுதான்டா எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது இல்லாம எட்டு மாசம் எப்படி இருக்கறதுன்னு தெரியலை."

நான் இரண்டு பெட்டிகளைப் பிரித்தேன்.

இரண்டையும் அக்காவின் பெயரில் ஒரே கணக்கில் இணைத்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் பக்கமுள்ள ஒரு நாவலை அவளே தேர்ந்தெடுத்தாள், தடிமனைப் பார்த்து. எப்படி வேலை செய்யும் என்று விளக்கினேன். ஒரு மெஷினில் ஒருவர் எந்தப் பக்கம் வரை போயிருக்கிறார் என்பது இணையம் கிடைக்கும்போது இன்னொரு மெஷினுக்குத் தெரிந்துவிடும். 'வேறொரு கருவியில் இருபதாம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள். அங்கே போகவா?' என்று திரையில் ஒரு கேள்வி வரும். ஆமாம் என்றால் கூட்டிப்போகும். வேண்டாம் என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

"அப்போ அவர் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்?"

"எந்தக் கடல்லன்னு தெரியாது. எந்தப் பக்கத்துலன்னு தெரியும்."

"அது போதும்."

அவர்களுக்குள் ஏற்பாடு இதுதான். மாமா முன்னால் படித்துக்கொண்டு போவார். அக்கா அவர் நின்ற பக்கம் வரைதான் படிப்பாள், அதைத் தாண்டி ஒரு வரி போக மாட்டாள்.

மாமா கிளம்பினார். கப்பலின் சாப்பாட்டு அறையில் மட்டும் இணையம், அதுவும் வரும் நாள் வரும், வராத நாள் வராது. முதலில் ஒன்பதாம் பக்கம் என்று வந்தது. நான்கு நாள் கழித்து இருபது. பிறகு நாற்பத்தொன்று. பிறகு ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு முறையும் அக்கா எனக்குப் போன் செய்து பக்க எண்ணைச் சொல்வாள், பரீட்சை மார்க் சொல்வது போல. ஐம்பத்தெட்டுக்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. கப்பல் நீண்ட ஓட்டத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் போனைத் தன் அறைக்கு எடுத்துப்போய் மாமா பத்து நிமிடம் பேசலாம். அந்தப் பத்து நிமிடத்தில் மாமனார் தன் முழங்கால் வலியைச் சொல்லி முடிப்பார், குட்டி பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொல்லி முடிப்பாள். கடைசி ஒன்றரை நிமிடம் அக்காவுக்கு. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி, அவ்வளவுதான். புத்தகத்தைப் பற்றிக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது.

இந்தச் சமயத்தில்தான் என் புத்தி மேயப்போனது. பத்து அங்குல ரீடரைக் கடையில் காட்சிக்கு வைக்கச் சொன்னார் முதலாளி. வெறும் திரையைக் காட்டி என்ன பயன்? தமிழ் எழுத்து அதில் எப்படித் தெரியும் என்று ஜனங்கள் பார்க்க வேண்டாமா? காட்சிப் பொருளுக்கெல்லாம் புத்தகம் வாங்கித் தர முடியாது என்றார் அவர். அக்காவின் கணக்கு எனக்குத் தெரியும், அதில் ஒரு தடிமனான நாவல் இருக்கிறது. ஒரு நாளைக்கு என்று அதை ஏற்றி வைத்தேன். அந்த ஒரு நாளை அப்படியே மறந்தும் போனேன்.

நான்கைந்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். முகம் விளக்குப் போட்டது போல இருந்தது.

"நேத்து ஒரே நாள்ல முப்பது பக்கம் படிச்சிருக்காருடா."

"நீயும் படிச்சிட்டியா?"

"இல்லை. வெச்சிருக்கேன். ஒரேயடியாத் தீர்த்துட்டா அப்புறம் என்ன பண்றது? கேள்வி வரும்போதெல்லாம் வேண்டாம்னு அழுத்திடறேன். வர்றதைப் பார்த்தாலே போதுமா இருக்கு."

சலவைப் பிரிவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் நூற்றுப் பதினேழு. அதற்கடுத்து இருநூற்றுப் பதினாலு. ஒரு நாள் மட்டும் சந்தேகத்தோடு கேட்டாள், இவ்வளவு வேகமாகப் படிக்கிற ஆளில்லையே என்று. கப்பலில் வேறு என்ன பொழுதுபோக்கு என்று அளந்துவிட்டேன். அதன்பிறகு அவள் பக்க எண் சொல்வது குறைந்தது. மாமா ஒன்றரை நிமிடம்கூடப் பேசாமல் வைத்துவிடுகிறார் என்று மட்டும் ஒரு முறை சொன்னாள். நானும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஒரு வாடிக்கையாளரின் சின்னப் பெண் காட்சிக்கு வைத்த ரீடரைச் சரசரவென்று தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். உடையப் போகிறதே என்று பிடுங்கினேன். திரையில் அக்காவின் நாவல். இருநூற்று எழுபதாம் பக்கம்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று கருவிகள், ஒவ்வொன்றும் கடைசியாக இணையத்தைத் தொட்ட தேதி. கடை ரீடர், இன்று. அக்காவுடையது, இன்று. மாமாவுடையது, ஒரு மாதத்துக்கு முன்னால், அதுவும் ஐம்பத்தெட்டாம் பக்கத்திலேயே. ஐம்பத்தெட்டுக்கு அப்புறம் வந்த ஒரு பக்கம்கூட மாமா படித்ததில்லை. போன் வாங்க வந்தவர்களும், மழைக்கு ஒதுங்கியவர்களும், குழந்தைகளும் தள்ளிவிட்டுப் போன பக்கங்களைத்தான் என் அக்கா பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

கணக்கை அப்போதே நீக்கியிருக்க வேண்டும். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. நீக்கினால் பக்கம் நகர்வது நின்றுவிடும். அவள் முகத்திலிருந்த விளக்கும் அணைந்துவிடும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. ரீடர்மேல் 'பழுது' என்று ஒரு சீட்டை ஒட்டி உள்ளே எடுத்து வைத்தேன். தினமும் கடை திறந்ததும் பத்துப் பக்கம் நானே நகர்த்தினேன். சும்மா நகர்த்தினால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, படித்துப் படித்து நகர்த்தினேன். இப்படியாக நாற்பது வயதில் நான் ஒரு புத்தகம் படிக்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது.

எட்டு மாதம் முடிய ஐந்து வாரம் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்லிக் கேக்கறாங்களாம். சரின்னு சொல்லிடலாம்னு பார்க்கறாராம். அடுத்த வாரம் கையெழுத்து."

"நீ என்ன சொன்ன?"

"உங்க இஷ்டம்னேன்."

"ஏன்க்கா? வாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவருக்கே வரணும்னு தோணணும்டா. நான் கேட்டு வாங்கறதா அது?"

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவை அறையில் மெஷின் இரைச்சல் காதை அடைத்தது. அவளோடு ஜோடியாக மடிப்பவர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு விரிப்பின் இரண்டு முனையை என் கையில் கொடுத்தாள். இழுத்துப் பிடித்து, பாதியாக்கி, அவளை நோக்கி நடந்து, முனையைக் கொடுத்துத் திரும்பினேன். நான்காவது விரிப்பில் சொன்னேன்.

"அக்கா, பக்கத்தை நகர்த்தினது மாமா இல்லை. என் கடை ரீடர்."

"தெரியும்."

"எப்படி?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் நகரவே நகராது. கடல்ல ஏதுடா கடைக்கு லீவு?"

நான் விரிப்பைக் கீழே விட்டுவிட்டேன். அவள் குனிந்து எடுத்து உதறினாள்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லலை?"

"யாரோ தள்றாங்கன்னுதான் நினைச்சேன். அப்புறம் தினமும் சரியாப் பத்துப் பத்தாப் போச்சு. நீதான்னு தெரிஞ்சிருச்சு. ஜென்மத்துல முதல் தடவையாப் படிக்கற, நடுவுல கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அதுவும் இல்லாம, ஏதோ ஒண்ணு நகருதேன்னு இருந்துச்சுடா. ஒண்ணுமே நகராம இருந்த அந்த ஒரு மாசத்தை என்னால தாங்க முடியலை."

பேச்சை மாற்றத்தான் கணக்கில் பார்த்த தேதியைச் சொன்னேன். ஐம்பத்தெட்டுக்கு அப்புறம் மாமாவின் ரீடர் ஒரே ஒரு தடவை இணையத்தில் வந்திருக்கிறது, கடை ரீடர் இருநூற்றுப் பதினாலில் இருந்தபோது, அதன்பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை என்று.

அக்காவின் கை நின்றுவிட்டது.

"அப்போ அவருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கும்."

"எந்தக் கேள்வி?"

"இருநூத்துப் பதினாலுக்குப் போகவான்னு." அவள் மெஷின்மேல் சாய்ந்துகொண்டாள். "அவருக்கு உன் கடையைப் பத்தி என்ன தெரியும்? நான்னுதான் நினைச்சிருப்பாரு. காத்திருக்காம நான் தனியாப் போயிட்டேன்னு நினைச்சிருப்பாரு."

நான் மூன்று கேள்வி கேட்டுக் குடும்பத்துக்கு ரீடர் தேர்ந்தெடுக்கிற சூரன். எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு மாதமாக ஏன் அந்த மனிதர் ஒன்றரை நிமிடத்தைக்கூட முழுதாகப் பேசாமல் வைத்தார் என்பது அந்த இரைச்சலில் நின்றபோதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன்னால் கடை ரீடரிலிருந்து அவள் கணக்கை நீக்கிவிட்டேன். போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டு மாமனார் முழங்காலைத் தொடங்கினார். அக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் ஒன்றைப் பிடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமனார் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, கடை, காட்சிக்கு வைத்தது, மழைக்கு ஒதுங்கியவர்கள். என்னைக் கழுதை என்றும் நடுவில் சொன்னாள். பிறகு கட்டிலில் வலது பக்கமாக உட்கார்ந்து, மடியில் ரீடரை வைத்துக்கொண்டாள்.

"அது நான் இல்லைங்க. நான் அம்பத்தெட்டுலயேதான் இருக்கேன். கடைசி வரியில."

அந்தப் பக்கம் எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடத்தில் எவ்வளவு போயிற்று என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"அங்கதான். வேண்டாம்னு அழுத்திட்டு மூடி வெச்சுட்டேன்." மாமாவின் குரல் கரகரத்தது. "எடுக்கறேன், இரு."

பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. குட்டி என்னவோ கேட்க வாயெடுத்தாள், நான் அவள் தோளில் கை வைத்தேன். அவர் ஐம்பத்தெட்டாம் பக்கத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார், உதடு அசைய. அக்கா கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக் காத்திருந்தாள். கையெழுத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அந்த நாவலின் முடிவு அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை.

இணைப்பு அறுபட இன்னும் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

"ம்," என்றார் மாமா.

அக்கா பட்டனை அழுத்தினாள்.